பழைய எண், புதிய எண், அவசர எண்!

'திருச்செந்தூர் பக்கம், ஆலந்தலை. கோயிலுக்குப் பக்கத்துல சார், சீக்கிரம் வாங்க!'

108-க்கு இப்படி ஒருத்தர் போன் போட்டால் என்ன ஆகும்? அவர் சொல்வது திரு இருதய ஆலயத்தை. கடற்கரைக்காரர் வாயில் சர்ச்சும் கோயில்தான்! சென்னையில் உட்கார்ந்து கேட்பவருக்கோ, திருச்செந்தூரும் கோயிலும் சேர்ந்தாலே முருகன்தான். நடுவில் நோயாளி பாடு திண்டாட்டம்!

2008-ல் 108 வந்ததும் நம்பர் சுலபமாகிவிட்டது. விலாசம்தான் ஆகவில்லை. 1978-ல் தெருப் பெயர்களின் சாதி வாலை நறுக்கினார்கள். 2025 அக்டோபரில், மிச்சமிருப்பதையும் நீக்கச் சொல்லி அரசு உத்தரவு. நல்ல காரியம்தான். ஆனால் போர்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்! சென்னைவாசிக்கு இதோடு பழைய எண், புதிய எண் வேறு.

2025 மே மாதம் தபால் துறை 'டிஜிபின்' கொண்டுவந்தது. நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒரு பத்தெழுத்துக் குறியீடு. துல்லியம்தான். அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும்போது அதை யார் ஒப்பிப்பது?

கடலில் கோபுரத்தையும் பனையையும் கண்ணாலேயே நேராக்கி, மீன் கிடக்கும் இடத்தைப் பிடிப்பவர்கள் நம் மீனவர்கள். கரையில் மட்டும் ஏன் குழப்பம்?

ஊர், தெருவின் பழைய பெயர், புதிய பெயர், கதவு எண், அடையாளம்... எல்லாம் ஒரு அட்டையில் எழுதி இன்றைக்கே சுவரில் ஒட்டுங்கள். ராத்திரி என்றால் தெருமுனையில் டார்ச்சோடு ஒரு ஆளை நிறுத்துங்கள்.

மூடிப்போன டீக்கடையை மட்டும் அடையாளம் சொல்லாதீர்கள். டிரைவர் விடியவிடியத் தேடுவார்!