துன்புறுத்தப்பட்ட பிள்ளை குணமடைய வேண்டும்: ஒலுவில் கரையிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், கல்முனை ஊர்களின் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாங்கள் சுகாதார அமைச்சிடமும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடமும் முன்வைப்பது:

2013இல் திறக்கப்பட்ட எங்கள் ஒலுவில் துறைமுகத்துக்குக் கல் போட்டது ஓரிடம். கடல் கரையை அரித்தது வேறிடம். துன்புறுத்தப்பட்ட பிள்ளையின் காயமும் அப்படித்தான். உடற்காயம் ஆறிய பிறகும் தூக்கத்தையும் படிப்பையும் அரிக்கிறது. பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நீதிமன்றம் என்று வாசல்தோறும் பிள்ளை நடந்ததைச் சொல்கிறது. அவ்வளவும் வழக்குக்காகச் சொல்வது. குணமாகச் சொல்வதற்கும் ஓரிடம் வேண்டும்.

அதற்கு வழி உண்டு. உள அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பிள்ளை முதலில் மூச்சை ஆற்றவும் பயத்தைப் பெயர் சொல்லி அறியவும் பழகுகிறது. பிறகே, தன் வேகத்தில், வரைந்தோ எழுதியோ நடந்ததைச் சொல்கிறது. பிழை தன்னுடையதல்ல என்று உணர்கிறது. பாதுகாக்கும் பெற்றோரும் கூடவே பயிற்சி பெறுகிறார்கள். வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். இதைவிடக் குறுகிய சிகிச்சையும் உதவியதுண்டு: சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு, சிலருக்கு வாழ்க்கைக் கதை சொல்லும் முறையிலும் மற்றவர்களுக்குத் தியானத்தாலும் தளர்வுப் பயிற்சியாலும், உள்ளூர் ஆலோசகர்களே ஆறு அமர்வுகள் நடத்தினர். ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர்.

ஆகவே கோருகிறோம்:

1. கல்முனை, அக்கரைப்பற்று வைத்தியசாலைகளில் இச்சிகிச்சையில் தேர்ந்த, தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். அவர்களில் பெண்களும் வேண்டும்.

2. பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர்களுக்கு முழுப் பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் வேண்டும். ஒருநாள் செயலமர்வு போதாது.

3. வழக்கு முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கும் ஒளிப்பதிவு வாக்குமூலத்தைப் பயன்படுத்தி, பிள்ளை மீண்டும் மீண்டும் விசாரிக்கப்படுவதைக் குறைக்க வேண்டும்.

4. உம்மா வெளிநாட்டில் உழைக்கும் வீட்டில், பிள்ளையை வளர்க்கும் மூத்தம்மாவையோ சாச்சியையோ சிகிச்சையில் சேர்க்க வேண்டும்.

5. குடும்ப மானத்தைக் காட்டி முறைப்பாட்டைச் சமாதானமாக முடிப்பதை ஊர்ப் பெரியவர்கள் கைவிட வேண்டும். பிள்ளையின் பெயரும் காக்கப்பட வேண்டும்.

6. பாடசாலைகளிலும் மத்ரசாக்களிலும் 1929 என்ற முறைப்பாட்டு இலக்கம் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும்.

துன்புறுத்தப்பட்ட பிள்ளை உடலாலும் உள்ளத்தாலும் தேற ஆவன செய்வது அரசின் கடமை என்கிறது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 39ஆம் உறுப்புரை. இலங்கை அதை 1991இல் ஏற்றது. ஏற்ற கடமையை எங்கள் கரையிலும் நிறைவேற்றுங்கள்.