ஹேக் நகரத்துக் கிட்டார்கள்

2019 நவம்பர் 16 அன்று ராட்டர்டாம் நகரின் அஹோய் அரங்கில் வாசித்து முடித்து மேடையை விட்டு இறங்கியபோது, அதுவே தங்கள் கடைசிக் கச்சேரி என்று கோல்டன் இயரிங் என்னும் டச்சு இசைக்குழுவின் நால்வருக்கும் தெரியாது. சில மாதங்களில் பெருந்தொற்று அரங்குகளையெல்லாம் பூட்டிவிட்டது. 2021 பிப்ரவரியில், குழுவின் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ஜார்ஜ் கோய்மன்ஸுக்கு, உடலை மெல்ல மெல்ல முடக்கிப்போடும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்புநோய் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்தித் தொடர்ந்து வாசிக்க மற்ற மூவருக்கும் மனம் வரவில்லை. 1961-ல் தொடங்கிய பயணம் அப்படியே நின்றுபோனது. 2025 ஜூலையில் கோய்மன்ஸ் மறைந்தார். நெதர்லாந்துக்கு வெளியே பெரும்பாலோர் இந்தக் குழுவை இரண்டு பாடல்களால் மட்டுமே அறிவார்கள். ஆனால் அறுபது ஆண்டுகளை இரண்டு பாடல்களுக்குள் அடக்கிப் பார்ப்பது வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அந்த அறுபது ஆண்டுகளுக்கு அடியில் இன்னும் பழைய காலம் ஒன்று படிந்து கிடக்கிறது. அதில் நம் கரையின் மண்ணும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

குழு பிறந்த ஊர் ஹேக். அரசாங்கமும் தூதரகங்களும் நீதிமன்றங்களும் நிறைந்த, அடங்கிய குரலில் பேசும் நகரம். கிழக்கிந்தியத் தீவுகளில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற டச்சு அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாக வந்து குடியமர்ந்ததும் இங்கேதான். 1949 டிசம்பரில் இந்தோனேசியாவின் இறையாண்மையை டச்சு அரசு ஒப்புக்கொண்ட பிறகு, ஹேக் நகரத்தைக் கிழக்கிந்தியத் தீவுகளின் விதவை என்றே டச்சு மக்கள் சொல்லத் தலைப்பட்டார்கள். போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் அந்தத் தீவுகளிலிருந்து நெதர்லாந்துக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ஆசிய ரத்தம் இரண்டும் கலந்த குடும்பத்தினர். ‘தாய்நாடு’ என்று பள்ளிப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த குளிர்தேசத்தை முதன்முறையாகக் கண்ணால் கண்டவர்கள். சொத்தை விட்டு வந்தார்கள், வேலையை விட்டு வந்தார்கள். கிட்டாரை மட்டும் விட்டு வரவில்லை.

டீல்மன் சகோதரர்கள் அப்படி 1957-ல் வந்தவர்கள். மறு ஆண்டே பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் வாசித்தார்கள். மூத்த ரசிகர்கள் ஆண்டி டீல்மனின் பெயரை இன்றும் கனிவோடுதான் சொல்கிறார்கள். கிட்டாரைப் பிடரிக்குப் பின்னால் வைத்தும், பற்களால் மீட்டியும், மேடையில் புரண்டுகொண்டும் அவர் வாசித்தபோது டச்சு இளைஞர்கள் அதுவரை கண்டிராத ஒன்றைக் கண்டார்கள். பீட்டில்ஸ் ஹாம்பர்க் விடுதிகளில் கை பழகுவதற்கு முன்பே ஜெர்மனி முழுக்க இத்தகைய குழுக்கள் இரவிரவாக வாசித்துக்கொண்டிருந்தன. அந்த இசைக்கு ‘இந்தோராக்’ என்று பெயர் அமைந்தது. அதன் வேரைத் தேடிப்போனால் ஜாவாவின் கெரோன்சோங் இசை வரும். அதையும் தோண்டினால் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அருகே டுகு என்னும் சிற்றூர் வரும். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேற்றப்பட்ட ‘மார்டைக்கர்’ மக்கள், போர்த்துகீசியரிடமும் பின்னர் டச்சுக்காரரிடமும் அடிமைப்பட்டு விடுதலை பெற்றவர்கள். வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் அவர்களில் இருந்தார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக் கோட்டைகளின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் கோட்டைகளின் துறைகளிலிருந்து துணிப்பொதிகளோடு மனிதர்களும் போனார்கள் என்பது தெரிந்த சேதிதான். அப்படிப் போனவர்களின் சந்ததியார் கையில் ஏறிய சிறு நரம்புக்கருவி, முந்நூறு ஆண்டு கழித்து ஹேக் நகரத்துச் சிறுவர்களின் காதில் மின்கிட்டாராக ஒலித்தது என்பதைத்தான் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1961-ல் அப்படிக் கேட்டு வளர்ந்த இரண்டு பையன்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஜார்ஜ் கோய்மன்ஸுக்கு வயது 13, பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்த ரீனஸ் கெரிட்சனுக்கு 15. முதலில் ‘டொர்னாடோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் வேறொரு குழு இருப்பது தெரிந்ததும் ‘கோல்டன் இயரிங்ஸ்’ என்று மாற்றிக்கொண்டார்கள். கடைசி ‘ஸ்’ பிற்பாடு உதிர்ந்தது. ஊரும் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 1964 ஆகஸ்டில் ஹேக் கடற்கரையான ஸ்கெவனிங்கனின் குர்ஹவுஸ் மாளிகையில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கூட்டம் கட்டுமீறி நாற்காலிகள் நொறுங்க, கச்சேரி நின்றது. அதே கடற்கரைக்கு அப்பால், சட்டத்தின் கை எட்டாத நீர்ப்பரப்பில் நங்கூரமிட்ட கப்பலொன்றிலிருந்து வெரோனிகா வானொலி 1960 முதல் பாட்டு ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 1965-ல் கோல்டன் இயரிங்ஸின் முதல் இசைத்தட்டு ‘ப்ளீஸ் கோ’ வந்தபோது, அந்தக் கப்பலின் அலைவரிசையில்தான் ஒரு தலைமுறையே காது வைத்திருந்தது.

1967-ல் குழுவில் சேர்ந்த பாடகர் பேரி ஹே பிறந்தது உத்தரப் பிரதேசத்தின் ஃபைசாபாத்தில். நாள், 1948 ஆகஸ்ட் 16. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டும் ஒரு நாளும் கழிந்திருந்தது. தந்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராணுவ அதிகாரி, தாய் டச்சு யூதப் பெண். சிறுவனாக நெதர்லாந்துக்கு வந்தவர், பின்னாளில் டச்சு முடியாட்சியின் மிச்சமாகக் கரீபியக் கடலில் கிடக்கும் குராசாவ் தீவில் குடியேறினார். ஒரு பேரரசின் அந்தியில் பிறந்து இன்னொரு பேரரசின் விளிம்பில் வாழும் இந்த மனிதர்தான் அரை நூற்றாண்டு காலம் அந்தக் குழுவின் குரலாக இருந்தார். 1970-ல் டிரம்ஸ் கலைஞர் சேசர் சௌடர்வைக் வந்து சேர்ந்ததோடு நால்வர் அணி அமைந்தது. இடையிடையே ஐந்தாமவர் வந்தார், போனார். இந்த நால்வரும் இறுதிவரை பிரியவே இல்லை. பாப் இசை உலகில் இதற்கு இணை தேடினால் வெகு சிலவே கிடைக்கும்.

அமெரிக்காவின் கதவை முதலில் முழுசாகத் திறந்தது அவர்கள் அல்லர், அதே ஊரின் இன்னொரு குழு. ஷாக்கிங் ப்ளூவின் ‘வீனஸ்’ 1970 பிப்ரவரியில் அங்கே முதலிடம் பிடித்தது. நான்கே ஆண்டுகளில் அந்தக் குழு கலைந்தும் போனது. கோல்டன் இயரிங் 1969-லேயே அமெரிக்கப் பயணம் போய், பர்ட்ஸ் குழுவின் ‘எயிட் மைல்ஸ் ஹை’ பாடலை ஏறத்தாழ 19 நிமிடத்துக்கு நீட்டி வாசிக்கிற துணிவோடு திரும்பியிருந்தது. 1973-ல் ‘மூன்டேன்’ தொகுப்பில் வந்தது ‘ரேடார் லவ்’. இரவில் தனியே காரோட்டிச் செல்லும் ஒருவன், தொலைவில் இருக்கும் காதலியின் அழைப்பைத் தந்தியோ தொலைபேசியோ இல்லாமல் மனத்தாலேயே உணர்கிறான்; கதை அவ்வளவுதான். ஆனால் கெரிட்சனின் பேஸ், ஓடும் சக்கரத்தின் அதிர்வை விடாமல் பிடித்துக்கொள்ள, நடுவே பித்தளை ஊதுகுழல்கள் புகுந்து சாலையை அகலமாக்க, டிரம்ஸ் தனியே நின்று மூச்சு வாங்கி மறுபடி விரையும் அந்த ஆறரை நிமிடத்தைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. மேடையில் இந்தப் பாட்டின்போது சௌடர்வைக் தன் டிரம்ஸ்களைத் தாண்டிக் குதிப்பார். வயதான பிறகும் குதித்தார். 1974-ல் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 13-ஆம் இடம் வரை போனது. அந்நாட்டு மேடைகளில் கிஸ், ஏரோஸ்மித் போன்ற அன்றைய இளங்குழுக்கள் இவர்களுக்கு முன்னால் வாசித்தன. அதே 1974 ஆகஸ்ட் 31 அன்று, புதிய சட்டத்தின் பிடியில் வெரோனிகா கப்பலின் ஒலிபரப்பு அடங்கியது. பிள்ளை உலகம் சுற்றிய ஆண்டில் வளர்த்த வீடு இடிந்தது.

பிறகு அலை வடிந்தது. அடுத்த தொகுப்புகளை அமெரிக்கா பொருட்படுத்தவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 1982-ல், கோய்மன்ஸ் எழுதிய ‘ட்விலைட் ஸோன்’ வெளிவந்து, 1983-ல் அங்கே முதல் பத்துக்குள் நுழைந்தது. ராபர்ட் லட்லமின் உளவு நாவலிலிருந்து கிளைத்த பாட்டு அது. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயரெடுத்த டிக் மாஸ் அதற்கு எடுத்த காட்சிப்படம், அப்போதுதான் பிறந்திருந்த எம்.டி.வி.யில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அலையும் வடிந்தது. இடையில், 1969 வரை இவர்களோடு டிரம்ஸ் வாசித்த யாப் எக்கர்மாண்ட், பழைய பாடல்களைத் துண்டு துண்டாகக் கோத்த ‘ஸ்டார்ஸ் ஆன் 45’ இசைத்தட்டைத் தயாரித்து 1981-ல் அமெரிக்காவின் முதலிடத்தைத் தொட்டார். கோவையின் தொடக்கத்தில் இருந்த துண்டு, தன் ஊர்க்காரர்களின் ‘வீனஸ்’. அதே பாட்டை 1986-ல் பனானராமா மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. ஹேக் நகரத்து இசைக்கு இது ஒரு விதி போலவே அமைந்துவிட்டது: வெளியே போகும், மறக்கப்படும், வேறொரு வாயில் திரும்பி வரும். கோய்மன்ஸும் ஹேயும் எழுதிய ‘கோயிங் டு த ரன்’ பாட்டு ரஷ்யாவின் ஆரியா குழுவின் குரலில், ரஷ்ய மொழியில், அந்நாட்டு இளைஞர்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்ட பாட்டாகவே மாறிப்போனது.

வெளியே இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்க, ஊரில் நடந்தது வேறு. ஆண்டுதோறும் நெதர்லாந்தின் சிறிய, பெரிய அரங்குகளில் வாசித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் டூ மார் போன்ற குழுக்கள் டச்சு மொழியிலேயே பாடி நாட்டைக் கிறுகிறுக்க வைத்தபோதும், ஆங்கிலத்தில் பாடிய இவர்களை மக்கள் அந்நியராக நினைக்கவில்லை. 1992-ல் மின்கிட்டார்களை இறக்கி வைத்துவிட்டுப் பழைய பாடல்களை எளிய கிட்டார்களில் வாசித்துப் பதிந்த ‘த நேக்கட் ட்ரூத்’ பெரும் விற்பனை கண்டது. தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து கேட்கும் குழுவாக அவர்களை அதுவே நிலைநிறுத்தியது. அமெரிக்காவில் தோற்றவர்கள் என்று இவர்களைக் கணக்கெழுதுகிறவர்கள் இந்த நாற்பதாண்டு உள்ளூர் வாழ்வைப் பார்க்கத் தவறுகிறார்கள். சின்ன நாட்டுக் கலைஞனுக்கு வெளியூர்ப் புகழ் விருந்துச் சாப்பாடு. அன்றாடம் பசியாற்றுவது ஊர்தான். கோல்டன் இயரிங் அதை இளமையிலேயே தெரிந்துகொண்டது என்பது என் எண்ணம்.

ஆகவே அவர்களைப் பற்றி எழுதும்போது இரண்டு பாட்டுக்காரர்கள் என்ற பழக்கச்சொல்லை விட்டுவிடுவோம். ‘ரேடார் லவ்’ கேட்க விரும்புகிறவர்கள் வானொலிக்காக வெட்டிய சுருக்கத்தை ஒதுக்கி முழுப்பாட்டையும் கேளுங்கள். கேட்ட கையோடு டீல்மன் சகோதரர்களின் 1950-களின் இசைத்தட்டு ஒன்றையும், டுகு ஊர்க்காரர்களின் கெரோன்சோங் பாட்டு ஒன்றையும் கேளுங்கள். மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, அந்தக் குடும்பத்தில் நமக்கும் உறவு உண்டு.