ஜப்பானிய மொழியைத் தாமே கற்றல்: புதுக்கோட்டை அறிவொளி காட்டும் நெறி

1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுச்சி பெற்ற அறிவொளி இயக்கத்தில், வயல்களிலும் கல் குவாரிகளிலும் பகலெல்லாம் உழைத்த பெண்கள் எழுத்துக் கற்றனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் மிதிவண்டியும் பழகினர். விழுவதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை, தனித்தும் பயிலவில்லை. ஆசிரியர் துணையின்றி ஜப்பானிய மொழி பயில விழையும் தமிழாய்வாளர்க்கும் இவ்விரு பண்புகளே முதலில் வேண்டுவன.

அம்மொழியின் தேவை மெய்யானது. சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமா, தமிழ் – ஜப்பானிய உறவை முன்மொழிந்த சுசுமு ஓனோ ஆகியோர் தம் தாய்மொழியிலும் எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகளை நேரே படித்து மதிப்பிடுதல் தமிழாய்வின் கடமை. ஆயின், ஓனோவின் கருத்தை நிறுவப்பட்ட உண்மையாகக் கொண்டு பெருமிதத்தோடு கற்கத் தொடங்குவது பிழை. ஒப்பியல் மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. மேலும், 'உறவுமொழி' என்னும் எண்ணம் எளிதில் கைவந்துவிடும் என்ற மயக்கத்தைத் தரும். மயக்கம் கலையும்போது ஊக்கமும் குன்றும்.

அமைப்பொற்றுமை உண்டு. 'ஹொன் ஒ யொமு' என்னும் தொடர், 'நூலைப் படிப்பேன்' என்பதுபோலப் பெயர், உருபு, வினை என்னும் வரிசையில் அமைகிறது. ஆயின் அவ்வினை பாலும் இடமும் காட்டாது. ஒற்றுமையை ஏணியாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது.

தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துப் படிக்கும் வழக்கமும் தடையே. திறவுகோலையும் ஒருவகைப் பழத்தையும் குறிக்கும் இரு சொற்கள், இரண்டாம் எழுத்தின் ஒலிப்பால் வேறுபடுவன. தமிழில் எழுதினால் இரண்டும் 'ககி' என்றாகிவிடும். எனவே ஹிரகானா, கதகானா ஆகியவற்றின் அடிப்படை எழுத்துகளை, ஒவ்வொன்றிலும் 46, தொடக்கத்திலேயே கற்றல் நன்று. பொதுப் பயன்பாட்டுக்கென 2010இல் வரையறுக்கப்பட்ட 2,136 கான்ஜி எழுத்துகளைத் தனித்தனியே மனனம் செய்வதினும் சொல்லோடும் தொடரோடும் பயில்வது நிலைக்கும். வாரம் ஒருநாள் முழுதும் படிப்பதினும் நாள்தோறும் அரைமணி நேரம் படிப்பது மேல். பிழைகளைக் குறித்துவைத்தலும், உடன்பயில்வார் ஒருவரோடு வாரந்தோறும் வாய்விட்டுப் படித்தலும் அதற்குத் துணையாகும்.

அறிவொளிப் பெண்கள் மிதிவண்டி பழகியது வேலைக்கும் சந்தைக்கும் தாமே செல்வதற்காகவே. மொழி பயிலும் ஆய்வாளரும் கற்ற எழுத்துகளின் எண்ணிக்கையை அளவுகோலாக்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வுரையின் ஒரு பத்தியையேனும் தாமே படித்து, ஏற்பதும் மறுப்பதும் கூற இயலுமாயின், அதுவே முன்னேற்றம்.