'படம் தெளிவில்லை' என்றால் 'நார்மல்' இல்லை!

புதிய செல்போன் வாங்கியதும் நாம் முதலில் கேட்பது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதுதான். அதே கேமராவைக் கொண்டு சர்க்கரை நோயாளியின் கண்ணுக்குள்ளே படம் எடுக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா?

சர்க்கரை நோய் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் மங்காது. வெறும் செல்போனால் இதைப் பார்க்க முடியாது. தனி லென்ஸும் விளக்கும் உள்ள கருவியை அதனுடன் இணைக்க வேண்டும். பெங்களூரின் ரெமிடியோ நிறுவனம் இத்தகைய கருவியைத் தயாரிக்கிறது. எடுத்த படத்தை சாஃப்ட்வேர் ஆராய்ந்து முடிவு சொல்லும்.

சென்னை டாக்டர் மோகன்ஸ் நீரிழிவு மையத்தில் இக்கருவியால் 296 பேருக்கு எடுத்த படங்களை 'ஐஆர்ட்' என்ற சாஃப்ட்வேரிடம் கொடுத்துப் பார்த்தனர். 2018ல் வெளியான முடிவு இது: பார்வையைப் பறிக்கக்கூடிய பாதிப்பு உள்ளவர்களில் 100க்கு 99 பேரை அது கண்டுபிடித்தது. அந்த அளவு பாதிப்பு இல்லாதவர்களிலும் 100க்கு 20 பேரை 'இருக்கிறது' என்றது. இது பெரிய குறையல்ல. வீண் அலைச்சல் பரவாயில்லை, பார்வை போனால் திரும்பாது.

என் கவலை மூன்றாவது பதிலைப் பற்றியது. எங்கள் ஊர் முகாமில் அப்பாவுக்கு இப்படிப் படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். "ஒன்றும் இல்லையாம்" என்று சொல்லி அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து நான் படித்தேன். 'படம் தெளிவில்லை' என்று இருந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். படத்தை மறைத்தது கண்புரை. அதன் பின்னால் விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருந்தது. நல்லவேளை, சிகிச்சைக்கு நேரம் இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால், அது காலி ஃபைல் என்று முடிவு செய்வீர்களா? அதுபோலத்தான் இதுவும். என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்கள், "பரிசோதனை முடியவில்லை, கண் டாக்டரைப் பாருங்கள்" என்று தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கலாம். இன்றே எடுத்துப் படியுங்கள். 'நார்மல்' என்று இருந்தாலும் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.