ஊரை விட்டு விலகிய சாலை

கோவையிலிருந்து சேலத்துக்கு வரும் பஸ்ஸில் "கொண்டலாம்பட்டி பைபாஸ் இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். நாமக்கல் பஸ்ஸில் "சீலநாயக்கன்பட்டி பைபாஸ்!" என்ற குரல் கேட்கும். பாதிப் பேர் மூட்டை முடிச்சுடன் இறங்குவார்கள். ஊரைத் தொடாமல் வண்டிகள் போகட்டும் என்று போட்ட சாலை அது. இன்று அங்கேதான் ஊரே வந்து இறங்குகிறது!

மூன்று பெருவழிகள்

சேலத்தைப் போல் சாலைகள் கூடும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. வடக்கே ஓமலூர் வழியாகப் பெங்களூர்ச் சாலை வருகிறது. அதுவே ராசிபுரம், நாமக்கல், கரூர் என்று தெற்கே கன்னியாகுமரி வரை செல்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. இந்தியாவிலேயே நீளமான நெடுஞ்சாலையும் இதுதான். கொண்டலாம்பட்டியில் மேற்கே பிரிகிற சாலை சங்ககிரி, கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சியை அடைகிறது. மூன்றாவது சாலை கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போய், சென்னை–திருச்சிச் சாலையில் சேருகிறது.

இந்தச் சாலைகளை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் லாரித் தொழில், கோழிப் பண்ணைகளின் முட்டை, சேலத்தின் ஜவ்வரிசி, இரும்பு, எல்லாம் சாலையை நம்பியவை. லாரி ஓடினால்தான் இந்தச் சமவெளியில் பல வீடுகளில் அடுப்பு எரியும்.

அப்படியானால் குறை எங்கே?

குறுக்கே போகிறவர் கதி

சாலையின் நீளவாக்கில் போகிறவரைப் பற்றி யோசித்தார்கள். குறுக்கே போகிறவரைப் பற்றிப் போதிய அளவு யோசிக்கவில்லை. அதுதான் குறை.

புறவழிச் சாலை போட்டால் நிலத்தின் விலை ஏறும். வீட்டு மனை வரும். பிறகு கடை, ஓட்டல், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எல்லாம் வரும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். வீடு ஒரு பக்கம், வேலை மறு பக்கம் என்று ஆகி விடுகிறது. தறிக்குப் போகிற பெண்ணும், பால் கேனைக் கட்டிக் கொண்டு வரும் மொபெட்காரரும் எப்படிக் கடப்பது? பாலத்தடி வழி பக்கத்தில் இருந்தால் சரி. ஒரு மைல் தள்ளி இருந்தால், நடக்கிறவர் நடுத்திட்டைத் தாண்டுகிறார். வண்டிக்காரர் எதிர்த் திசையில் வருகிறார். அது தவறுதான். ஆனால் அவருக்கு நேரான வழி எங்கே இருக்கிறது?

கணக்கைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் மாண்டவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் நூற்றுக்கு இரண்டு பங்குதான். உயிர்ப் பலியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அதே ஆண்டில் எல்லாச் சாலைகளிலும் சேர்த்து இறந்த பாதசாரிகள் மட்டும் 32,825 பேர்.

ஆத்தூர் தரும் பாடம்

உளுந்தூர்பேட்டைச் சாலையின் கதை இன்னும் விசித்திரம். அதை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர் முதலிய ஊர்களின் புறவழிகளை மட்டும் இரு வழியாகவே அமைத்தார்கள். அகலச் சாலையில் பறந்து வந்த வண்டி, ஊர் ஓரத்தில் திடீரென்று எதிர் வண்டியின் முகத்தைப் பார்த்தது. நேருக்கு நேர் மோதல்கள் நடந்தன. "புறவழியையும் நான்கு வழி ஆக்குங்கள்" என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டி வந்தது. முதலில் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாகப் போன உயிர்களை யார் திருப்பித் தருவது?

பிரிட்டனின் முதல் மோட்டார் பெருவழி 1958-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி திறக்கப்பட்டது. பிரஸ்டன் என்ற ஊரின் புறவழிதான் அது. நீளம் எட்டு மைல். அதில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடம் இல்லை. ஆனால் ஒன்று செய்தார்கள். குறுக்கே வந்த சாலைகளைப் பாலத்தின் மேலாகவோ கீழாகவோ கொண்டு போனார்கள். வழியை மூடும் முன் மாற்று வழியைத் திறந்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

சேலத்திலும் இது முடியாத காரியம் அல்ல. சாலையின் இரு புறமும் அறுபடாத சர்வீஸ் சாலை வேண்டும். மக்கள் வழக்கமாகக் கடக்கும் இடத்திலேயே பாலமோ சுரங்கப் பாதையோ வேண்டும். இஞ்சினீயருக்கு வசதியான இடத்தில் அல்ல. பஸ் நிற்க ஒதுக்கிடமும், இரவில் விளக்கும் வேண்டும். சாலையோரம் புதிய மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே, அங்கே குடியேறுகிறவர் எந்த வழியாகக் கடப்பார் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். வீடு கட்டி, பிணம் விழுந்து, மறியல் நடந்த பிறகு பாலம் போடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

சுங்கச் சாவடியில் காசு வாங்குவது சாலைக்காகத்தான். அந்தச் சாலைக்கு இரண்டு கரைகள் உண்டு. கரையில் நிற்கிறவரும் வீடு போய்ச் சேர வேண்டியவர்தானே? நெடுஞ்சாலைத் துறையினர் கவனிப்பார்களாக!