திரையில் விழுந்த கோலம்

போன சனிக்கிழமை மாலை மேருவிலிருந்து அண்ணி போன் செய்தார். பெரியப்பா மகனின் மனைவி. வழக்கமாக "சாப்பிட்டாச்சா தம்பி" என்று தொடங்கி, ஊர்க்கதை எல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பிலேயே விஷயம்தான்.

"தம்பி, கம்ப்யூட்டர் திரையில கோலம் விழுது. பச்சையும் சிவப்புமா கட்டம் கட்டமா. கொஞ்ச நேரத்துல அப்படியே நின்னு போகுது. பாப்பா உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்கா."

பாப்பா கிராஃபிக் டிசைன் டிப்ளோமாவின் கடைசித் தவணையில் இருக்கிறாள். இறுதிப் பணியை ஒப்படைக்க அன்றோடு பதினொரு நாள்தான் பாக்கி. காலையிலேயே கணினியைக் காரில் வைத்து ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடைக்காரர் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு அக்கா. எல்லாம் பழசு. இதுல காசு போடாதீங்க. புது செட் 2,800 வெள்ளிக்கு முடிச்சுத் தரேன்" என்றாராம். சமையலறைக் கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அண்ணி கூட்டு கட்டிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. ஏறக்குறைய அதே தொகை. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கட்டிவிடலாமா என்று கேட்கத்தான் போன்.

"காசைத் தொடாதீங்க அண்ணி. நாளைக்குக் காலையில வரேன்" என்றேன்.

அந்தக் கணினி எனக்குப் பழக்கமானதுதான். மூத்தவன் 2014-இல் லோ யாட் பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிக் கட்டியது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, என்விடியா ஜிடிஎக்ஸ் 660 கிராஃபிக் கார்டு, 450 வாட் பவர் சப்ளை. விளையாடத்தான் வாங்கினான். அவன் வேலைக்குப் போனதும் தங்கைக்கு வந்தது.

திரையில் கட்டங்கள், கோடுகள், மினுங்கும் புள்ளிகள், விளையாட்டோ வீடியோ மென்பொருளோ ஓடும்போது திரை இருண்டு திரும்புவது, பிறகு மொத்தமாக உறைந்துபோவது. இவை கிராஃபிக் கார்டு கெட்டுப்போவதன் அறிகுறிகள். ஆனால் தளர்ந்துபோன பவர் சப்ளையும் இதே மாதிரி நாடகம் போடும். மானிட்டர் கம்பி பழுதானாலும் கோடு விழும். ஆகவே பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லக் கூடாது. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. கார்டைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டுப் பார்ப்பதுதான் அது.

கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மானிட்டர் கம்பி செருகும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். கீழே குறுக்கு வரிசையில் இருப்பவை கிராஃபிக் கார்டுக்கு உரியவை. மேலே, யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. பெரும்பாலான இன்டெல் செயலிகளுக்குள்ளேயே படம் காட்டும் பகுதி ஒன்று உண்டு. தனிக் கார்டு இருந்தால் அது சும்மா இருக்கும். கார்டை எடுத்துவிட்டால் வேலைக்கு வந்துவிடும். 2019-க்குப் பிறகு வந்த இன்டெல் செயலிகளில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் மட்டும் அந்தப் பகுதி இருக்காது. ஏஎம்டி ரைசன் வரிசையில் நிலைமை தலைகீழ். 5000 வரிசை வரை பெயரில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. 2022-இல் வந்த 7000 வரிசையிலிருந்து அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சாரத்தை அணைத்து, கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினியின் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் வடியவிட்டோம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அண்ணி "ஐயோ!" என்றார். நானும்தான்.

கார்டின் விசிறியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு படலம். வெறும் தூசி இப்படி ஒட்டாது. வீட்டுக்கு முன்னால் நாள் முழுவதும் லாரி ஓடும் சாலை. அந்தத் தூசி ஒரு பங்கு. மீதியை நிமிர்ந்து பார்த்தபோது புரிந்துகொண்டேன். கணினி மேசைக்கு நேர் மேலே சாமி மேடை. பத்து வருடத்துச் சாம்பிராணிப் புகையையும் ஊதுபத்திப் புகையையும் கணினி தன் விசிறியால் இழுத்து உள்ளே நிரப்பிக்கொண்டிருக்கிறது. விசிறி கையால் தள்ளினால்கூடச் சரியாகச் சுற்றவில்லை.

கார்டை எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பின்னால் இருக்கும் திருகைக் கழற்றி, பவர் கம்பியை உருவிய பிறகும் கார்டு வராது. அது செருகியிருக்கும் பள்ளத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். அதை அழுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். தெரியாமல் பலம் காட்டினால் கொக்கி உடையும். சில சமயம் பள்ளமே பிய்ந்துவரும். அப்போது உண்மையாகவே "போர்டு போச்சு".

கார்டை வெளியே எடுத்து, மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகிப் போட்டோம். திரை பளிச்சென்று வந்தது. ஒரு கட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். அண்ணி தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். பாப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து தன் போஸ்டர் வேலையைத் தொடர்ந்தாள்.

இந்த இடத்திலேயே பல வீடுகளில் கதை முடிந்துவிடும். எஸ்பிஎம் மாணவர்களின் பாடம், வங்கி வேலை, யூடியூப், திரைப்படம், கணக்கு வழக்கு எல்லாவற்றுக்கும் செயலிக்குள் இருப்பதே போதும். கெட்ட கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டு அப்படியே பயன்படுத்தலாம். மின்கட்டணத்திலும் கொஞ்சம் மிச்சம். பாப்பாவுக்கு மட்டும் அது போதாது. அவளுடைய இறுதிப் பணியில் ஒரு நிமிட முப்பரிமாண அசைவுப் படம் இருக்கிறது. அதற்குத் தனிக் கார்டு வேண்டும்.

கழற்றிய கார்டைச் சுத்தம் செய்து, காய்ந்து தூளாகிப்போன வெப்பப் பசையை மாற்றி மறுபடி போட்டுப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் கோலம் திரும்பியது. காரணம் இதுதான்: கிராஃபிக் சிப்பு தன் பலகையோடு நூற்றுக்கணக்கான ஈயப்பற்று மணிகளால் இணைந்திருக்கிறது. போடும்போது சூடாகி விரிகிறது, அணைக்கும்போது குளிர்ந்து சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால் ஏதோ ஒரு மணியில் கீறல் விழும். காற்றோட்டம் அடைபட்டால் கீறல் சீக்கிரம் விழும். இது மலிவுப் பொருளுக்கு மட்டும் வரும் வியாதியும் அல்ல. 2008-இல் என்விடியா நிறுவனமே தன் மடிக்கணினிச் சிப்புகள் இந்த மாதிரிப் பழுதாகி, அதற்காக 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது.

பாப்பா கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒருவர் கார்டைக் கேக் சுடும் அடுப்பில் வைத்து எடுக்கிறார், கார்டு உயிர் பெறுகிறது. "செய்யலாமா சித்தப்பா?" அந்த உயிர் சில நாளோ சில வாரமோதான் தங்கும். பிளாஸ்டிக்கும் பசையும் சூடாகி வரும் நச்சுப்புகை அடுப்பில் தங்கிவிடும். தீபாவளிக்கு அண்ணி பிஸ்கட் சுடுவதும் அதே அடுப்பில்தான். வேண்டாம் என்றேன்.

அடுத்த கேள்வி, எந்தக் கார்டு? இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். பழைய கணினிக்குக் கார்டு வாங்கும்போது கார்டின் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். பழைய ஜிடிஎக்ஸ் 660-க்கு 140 வாட் தேவை. அதனால்தான் அதற்குத் தனிப் பவர் கம்பி. பத்து வயதான பவர் சப்ளையை இனியும் அப்படி உழைக்கச் சொல்வது நியாயமில்லை. கார்டு செருகும் பள்ளமே 75 வாட் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனிக் கம்பி வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் அந்த வகை. 1650-இல் சில தயாரிப்புகளில் மட்டும் கூடுதல் கம்பி கேட்பார்கள், பார்த்து வாங்க வேண்டும். 1050 டிஐ வரிசைக்கு 2025 அக்டோபரோடு புது மென்பொருள் வெளியீட்டை என்விடியா நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். ஆகவே 1650 என்று முடிவு செய்தேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் பழைய மதர்போர்டில் அதன் வேகம் குறையும், வீடியோ பதிவாக்கும் பகுதியும் அதில் கிடையாது. டிசைன் படிக்கிற பிள்ளைக்கு உதவாது.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வைத்தோம்: 300 வெள்ளி. இந்தச் செயலியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்பும் ஓராண்டுக்குத்தான். இன்னும் ஓரிரு வருடத்தில் மாற்றித்தான் ஆக வேண்டிய கணினி. அதற்கு 800 வெள்ளிக் கார்டு போடுவது, விற்கப் போகிற காருக்குப் புது டயர் நான்கு மாட்டுவது போல.

300 வெள்ளி என்றால் பயன்படுத்திய கார்டுதான். அதில் இரண்டு பயம் உண்டு. ஒன்று, கிரிப்டோ நாணயம் தோண்டக் கசக்கிப் பிழிந்த கார்டுகள். 2021-இல் மிரியில் மின்திருட்டில் பிடிபட்ட 1,069 இயந்திரங்களைப் போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய படம் நினைவிருக்கலாம். அவை பிட்காயின் தோண்டியவை. கிராஃபிக் கார்டால் தோண்டப்பட்டது பெரும்பாலும் எத்தேரியம். அது 2022 செப்டம்பர் 15-இல் அந்த முறையையே கைவிட்டதும் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. விசிறி ஆட்டம் காண்கிறதா, பலகை வெப்பத்தில் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பயம், போலி. பழங்காலக் கார்டின் உள் மென்பொருளை மாற்றிப் புதுப் பெயரில் விற்பார்கள். விண்டோஸும் ஏமாந்து புதுப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவசச் செயலி இப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திங்கட்கிழமை பாப்பாவும் நானும் கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மோனோரயில் மாறி, இம்பியில் இறங்கி லோ யாட்டுக்குப் போனோம். மூன்று கடையில் கேட்டோம். முதல் கடையில் "போட்டுக் காட்ட முடியாது" என்றார்கள், நகர்ந்துவிட்டோம். மூன்றாவது கடையில் 1650 கார்டு 290 வெள்ளி. மேசையிலேயே மாட்டி, ஜிபியு-இசட்டைத் திறந்து காட்டி, கால் மணி நேரம் ஓடவும் விட்டார் அந்த இளைஞர். ஒரு மாத உத்தரவாதத்தை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். ரசீதை விடாதீர்கள். கடையில் வாங்கிய பொருள் ஏமாற்றினால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை முறையிடலாம். முகம் தெரியாத தனிநபரிடம் பெட்ரோல் நிலையத்தில் கைமாற்றி வாங்கினால் அந்த வழி கிடையாது.

ஒன்றை நானே மறந்தேன். வீட்டு மானிட்டரில் இருப்பது பழைய நீலநிற விஜிஏ துளை மட்டும். புதுக் கார்டுகளில் அது இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்னக் கம்பி வாங்க மறுபடி கிள்ளானுக்கு ஓட்டம், இன்னொரு 25 வெள்ளி. வரம்பை 15 வெள்ளி தாண்டிவிட்டோம். கடைக்குப் போகும் முன் மானிட்டரின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு முன் பழைய கார்டின் மென்பொருளை டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற செயலியால் துடைத்து எடுத்தோம். பிறகு கார்டைப் பள்ளத்தில் வைத்து, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்தி, திருகை முடுக்கி, என்விடியா தளத்திலிருந்து புது மென்பொருளை ஏற்றினோம். பாப்பாதான் செய்தாள். நான் டார்ச் பிடித்தேன். அன்றிரவே அவள் அசைவுப் படத்தின் முதல் பத்து வினாடி உருவாகி வந்தது.

பழைய கார்டை அண்ணி குப்பைத்தொட்டிக்கு எடுத்துப் போனார், தடுத்தேன். மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவு. எஸ்டபிள்யூ 110 என்பது அதன் எண். சுற்றுச்சூழல் துறை அனுமதித்த சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டியது. இப்போதைக்கு என் கார் பின்பெட்டியில் இருக்கிறது.

புறப்படும்போது அண்ணி, "அப்ப சாமிக்குச் சாம்பிராணி போடக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். தாராளமாகப் போடலாம் என்றேன். சாமி மேடையை நகர்த்த முடியாது. ஆகவே அண்ணனும் நானும் மேசையைத் தூக்கிக் கணினியை எதிர்ச்சுவர் சன்னல் பக்கம் வைத்துவிட்டு வந்தோம்.