ஊசியா, பேனாவா? நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும்



எங்கள் பக்கத்தில் பால் வெட்டும் சகோதரர் ஒருவர் தான் இன்சுலின் போடுவதை வருடக்கணக்காக மறைத்து வந்தார். ஒருநாள் இறப்பர் மலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். "காலையிலேயே குடித்துவிட்டான்" என்றார்கள். அவர் குடிக்கவில்லை. சீனி இறங்கியிருந்தது. சீனி கரைத்த தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

அவருக்கு இருப்பது முதலாம் வகை நீரிழிவு. இது சீனி அதிகம் சாப்பிட்டு வருவதல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய். இதற்கு மாத்திரை போதாது. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

இன்சுலின் போட மூன்று வழிகள் உண்டு. முதலாவது குப்பியும் சிரிஞ்சும். நம்மவர்கள் பெரும்பாலும் பாவிப்பது இதைத்தான். சரியாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விடியுமுன் மங்கலான வெளிச்சத்தில் சின்னக் கோடுகளைப் பார்த்து மருந்து இழுக்க வேண்டும். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் பொருந்தவும் வேண்டும். 100 என்று போட்ட மருந்தை 40 என்று போட்ட சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

இரண்டாவது பேனா. அளவைத் திருகி அழுத்தினால் போதும், சட்டைப் பையில் கொண்டு போகலாம். மூன்றாவது இடுப்பில் மாட்டும் பம்ப். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக மருந்து செலுத்தும். ஆனால் விலை இலட்சக்கணக்கில். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை குழாய் மாற்ற வேண்டும். குழாய் அடைத்தால் சில மணித்தியாலங்களில் நிலைமை மோசமாகும்.

என் கருத்தில் நமக்குப் பொருத்தமானது பேனா. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெயில் அடித்தால் மலை ஏறி இறங்க வேண்டும். உடம்பு வேலை செய்தால் சீனி இறங்கும், சும்மா இருந்தால் ஏறும். காலையும் மாலையும் ஒரே அளவில் போடும் கலவை மருந்து இந்த வாழ்க்கைக்கு ஒத்து வராது. நாள் முழுக்க வேலை செய்யும் மருந்து ஒன்று, சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவது நல்லது. வைத்தியரிடம் இதைக் கேளுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம்.

எந்த வழியானாலும், மருந்து போட்டுவிட்டுப் பட்டினியாக மரம் வெட்டப் போனால் ஆபத்துத்தான். தகரக் கூரை லயத்தின் சூட்டில் மருந்தும் கெட்டுப்போகும். ஆகவே நமது சங்கம் கேட்க வேண்டியவை: தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, கிளினிக் போகும் நாளுக்கு முழுப் பேர், இன்சுலின் போடுபவருக்கு வேலை நடுவே சாப்பிட நேரம், அரசாங்க கிளினிக்கில் இவர்களுக்கு இலவசப் பேனா.

இன்சுலின் முதன்முதலில் 1922 ஜனவரியில் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போடப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்த வருடமே தங்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அந்த மருந்தைப் போட்டுக்கொள்ள நம் தொழிலாளி ஒருநாள் பேரை இழப்பது நியாயமல்ல.

நோயை மறைக்காதீர்கள். பக்கத்து மரம் வெட்டுபவரிடம் சொல்லி வையுங்கள். பையில் கொஞ்சம் சீனி வைத்திருங்கள்.